பதினேழாம் பக்கத் திருத்தம்

4 ஜூன் 2025, புதன்

ஓடத்தின் உதவிப் பக்கங்களை எங்கே வைப்பது? மூன்று மாதமாக இதே பேச்சு. இன்றைய இணையக் கூட்டமும் ஒன்றரை மணி நேரம் ஓடி, அடுத்த புதன் பேசலாம் என்று முடிந்தது.

ஓடம் என்று பெயர் வைத்தது நான். விசைத்தறிக்கு மேலே உட்கார்ந்து டிசைனை ஓட்டுகிற பெட்டிக்கான கட்டற்ற மென்பொருள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். நிரல் எழுதியது மணிமாறன். பெங்களூரில் வேலை, மனசு மட்டும் ஓடத்தில். தமிழும் ஆவணங்களும் என் பொறுப்பு. நெசவில் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவுக்கு ஓடம் என்றும் பெயர் உண்டு என்று அகராதியில் பார்த்து வைத்தேன். வெண்ணந்தூரில் பெட்டி மாட்டிக் கொடுக்கும் மெக்கானிக் கதிர்வேல் அண்ணன் அப்போதே சொன்னார், நாடாவை இங்கே யாரும் ஓடம் என்று சொன்னதில்லை என்று. நான் சிரித்துக்கொண்டேன்.

உண்மையில் ஓடத்துக்கு ஆவணம் ஏற்கெனவே இருக்கிறது. வாட்ஸப் குழுவில் கதிர்வேல் அண்ணன் பேசி அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு குரல் பதிவுகள்தான் அது. பின்னால் தறிச் சத்தம், முன்னால் அவர் குரல். எந்தப் பிரச்சினைக்கும் அதில் பதில் உண்டு. தேடித்தான் எடுக்க முடியாது.

விக்கியா, கிட்டா? விக்கி என்றால் எவரும் வந்து எழுதலாம், எழுதியது உடனே தெரியும். கிட் என்றால் திருத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுப்பாளர் பார்த்து ஏற்றால்தான் பக்கத்தில் ஏறும். நான் விக்கி பக்கம். இப்போதைக்கு.

9 ஜூன், திங்கள்

சோதனைக்குத் திறந்துவைத்த விக்கியில் நான்கு நாளில் வந்த ஒரே பங்களிப்பு: ‘தறி நிறுவும் முறை’ பக்கத்தில் யாரோ ஒட்டிய கோழித்தீவன விளம்பரம். முட்டையின் எடை கூடுமாம்.

மணிமாறன் சிரிக்கவில்லை. “மிஷினுக்குள்ள கைய விடுறவங்க படிக்கிற பக்கம் தீபிகா. யார் வேணா மாத்தலாம்னு எப்படி விடுறது?” என்றான்.

15 ஜூன், ஞாயிறு

கிட் என்று முடிவாகிவிட்டது. நானும் கை தூக்கினேன்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். வாட்ஸப் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பேசலாம் என்று மாற்றிவிட்டேன். இரண்டு இடம் இருந்தால் ஜனம் பழைய இடத்துக்கேதான் போகும், ஒன்றை மூடினால்தான் மற்றது நிறையும் என்று கூட்டத்தில் நானே விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் கதிர்வேல் அண்ணன் போன். குழுவில் பேச முடியவில்லையே, போன் கெட்டுவிட்டதா என்று கேட்டார். இனிமேல் தளத்தில் கணக்குத் தொடங்கி எழுத வேண்டும் என்றேன். மின்னஞ்சல், கடவுச்சொல், ஓடிபி, நீங்கள் மனிதர்தானா என்று கேட்கும் படப்புதிர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, ஒரு எழுத்த மாத்தறதுக்கு இத்தன கதவத் தட்டோணுங்களா?”

ஆமாம் அண்ணா, பாதுகாப்புக்குத்தான் என்றேன்.

23 ஜூன், திங்கள்

அலுவலக வேலை முடிந்ததும் காதில் கதிர்வேல் அண்ணன்தான். கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். இருபத்தோரு பக்கம் ஆகிவிட்டது. பெருமையாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? ‘உடுங்க’ என்பது ‘விடவும்’ ஆகிறது. ‘அமுத்தோணும்’ என்பது ‘அழுத்தவும்’ ஆகிறது. கசங்கிய துணிக்கு இஸ்திரி போடுவது மாதிரி ஒரு சுகம்.

பதினேழாம் பக்கம், ‘கொக்கி சிக்கினால்’. நெடுக்கு இழைகளைத் தூக்கி இறக்கும் கொக்கிகளில் ஒன்று மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று. பதிவில் தறிச் சத்தம் அதிகம். நான்கு தடவை கேட்டேன். முதலில் ஊடையை அழுத்து, தறி நின்றதா என்று பார், அப்புறம் கையை விடு என்கிறார். பெட்டியிலுள்ள ஊடை விசையை அழுத்தினால் தறி ஒரு குறுக்கிழையை மட்டும் ஓட்டிவிட்டு நிற்கும். ஆக, பாதியில் நிற்கும் இழையை முடித்துவிட்டுக் கை வை என்கிறார். எவ்வளவு முறையான மனுஷன்!

24 ஜூன், செவ்வாய்

தொண்டை கட்டியிருக்கிறது. ஒரு பக்கமும் எழுதவில்லை.

2 ஜூலை, புதன்

முதல் வெளிப் பங்களிப்பு வந்தே விட்டது! பயனர்58213. பெயர் இல்லை, படம் இல்லை. பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல் திருத்தம்: ‘ஊடை’ என்பதை ‘ஊடு’ என்று மாற்றக் கேட்டிருக்கிறார். காரணம் எழுதும் கட்டம் காலி.

எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்கா? இருந்தாலும் மரியாதையாகவே பதில் எழுதினேன்: ‘வணக்கம். பங்களிப்புக்கு நன்றி. ஊடு என்பது வட்டார வழக்கு. பொதுத்தமிழில் ஊடை என்றே எழுத வேண்டும். எனவே இத்திருத்தத்தை ஏற்க இயலவில்லை. தொடர்ந்து பங்களியுங்கள்.’ எழுதிவிட்டு மூடினேன்.

மணிமாறன் கட்டை விரல் காட்டினான்.

11 ஜூலை, வெள்ளி

வந்த பங்களிப்பு மொத்தம் ஒன்று. ஏற்றது பூஜ்யம். சமூகமே சேர்ந்து எழுதும் ஆவணம் என்று முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். “சமூகம்னா நீ ஒருத்திதானா?” என்று குமரகுரு கேட்கிறார். கட்டிக்கொண்டவர் கேட்டால் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

வெண்ணந்தூரில் பயிற்சிக் கூட்டம். முப்பத்தெட்டுப் பட்டறைகளில் ஏற்கெனவே ஓடம் ஓடுகிறது. போன மாதக் கடைசியில் அவர்களுக்கெல்லாம் தபாலில் தாள் அனுப்பிவிட்டேன். இன்று புதிதாகச் சேரும் ஆறு பட்டறைகள் மட்டும். அவர்களுக்காக முக்கியமான பக்கங்களை அச்சடித்து லேமினேஷன் போட்டே கொண்டுபோனேன். எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம்.

பாவாயி என்று ஓர் அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் தறி ஓட்டும் பட்டறையில் இப்போதுதான் பெட்டி மாட்டுகிறார்கள். அங்கே படிக்கத் தெரிந்தது அவருக்கு மட்டுந்தானாம். அட்டையை வாங்கியதும் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல மூன்று பக்கத்தையும் உரக்கப் படித்தார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. நான் எழுதிய வரிகளை இன்னொருவர் வாயால் கேட்பது அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

கதிர்வேல் அண்ணன் பின்னால் நின்றிருந்தார். கிளம்பும்போது, பதினேழாம் பக்கத்தில் ஓர் எழுத்து பற்றி என்று தொடங்கினார். காரில் ஏறிக்கொண்டிருந்தேன். தளத்திலேயே எழுதுங்கள் அண்ணா, அங்கேதான் பதிவாகும் என்றேன்.

“எழுதிப் பாத்தனுங்க. சரிங்க, உடுங்க. போயிட்டு வாங்க.”

பாவம், கணக்குத் தொடங்க முடியாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ராசிபுரம், மாமியார் வீடு. படி ஏறுவதற்குள் அதே கேள்வி: “ஊட்டப் பூட்டிட்டு வந்தீங்களா?” பூட்டினோம் அத்தை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் கதிர்வேல் அண்ணன் போன். பாவாயியின் வலது கை தறியின் மேல்சட்டத்தில் மாட்டிக்கொண்டதாம். இரண்டு விரல். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எப்படி என்று கேட்டேன். கொக்கி சிக்கியதாம். அதோடு போனை வைத்துவிட்டார்.

பதினேழாம் பக்கத்தைத் திறந்து படித்தேன். சரியாகத்தானே இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

13 ஆகஸ்ட், புதன்

போனேன். நடுவிரல் பாதி எடுத்தாயிற்று. மோதிர விரல் தேறுமா என்று இரண்டு நாளில் சொல்வார்களாம். கட்டு மணிக்கட்டு வரை.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் தடுத்தேன். ஊடை அமுத்தினேன், தறி நின்றது, கையை விட்டேன், சிக்கை எடுத்ததும் தறி தானாக ஓடிவிட்டது என்று வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவரைப் போல என் முகத்தைப் பார்த்தார்.

“ஏழாவது வரைக்கும் தானுங்க படிச்சேன். அந்த அட்டையில இருந்தத நான் தப்பாப் படிச்சிட்டனாட்டம் இருக்குதுங்க சாமி.”

இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்தில் எனக்கும் தெரியவில்லையே. ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்றுகொண்டு மணிமாறனுக்குப் போன் செய்தேன். அவன் நிரலைத் திறந்து பார்த்தான். ஊடை விசை தறியை நிறுத்தாது. கொக்கி சிக்கினால் அந்த இழை பாதியில் காத்திருக்கும், சிக்கு விட்டதும் மீதியை ஓட்டி முடிக்கும். நிறுத்துவது முகப்பு விசை என்றான். ஹோம். எல்லாக் கொக்கியும் கீழே இறங்கி மோட்டார் அணைந்துவிடும். முகப்பு என்று பெயர் வைத்ததும் நான்தான். ஆனால் பெட்டியின் மேல் எந்தப் பெயரும் கிடையாது. படம் மட்டும். ஊடைக்கு ஒரு குறுக்குக்கோடு, முகப்புக்கு ஒரு சின்ன வீடு.

வீடு.

பேருந்தில் அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். “கொக்கி சிக்கிக்கிச்சுன்னா மொதல்ல ஊடு அமுத்தோணும்.” தெளிவாக இருக்கிறது. தறிச் சத்தத்தை மீறித் தெளிவாக இருக்கிறது. ஊடு. வீட்டுப் படம் போட்ட பொத்தானை அவர்கள் ஊடு என்கிறார்கள். வேறு என்னவென்று சொல்வார்கள்?

14 ஆகஸ்ட், வியாழன்

கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷம். ஊட்டுக்கு எப்ப வர்ற, ஊட்டுல யாரு இருக்கா, ஊட்டச் சாத்து — தினம் கேக்குற வார்த்தை. வாழப்பாடிக்காரி, அங்க வீடுன்னுதான் சொல்லுவோம், அதனால தெரியலன்னு சொல்லிக்கலாமா? யாருகிட்ட சொல்ல? தெரியாமயா இருந்துச்சு? தறியப் பத்திப் பேசுறாருன்னதும் நானே ஊடைன்னு முடிவு கட்டிட்டேன். புஸ்தகத்துல படிச்ச வார்த்தை ஒண்ணு தயாரா இருந்துச்சு, அவ்ளோதான்.

அந்தப் பயனர்58213. திருத்தம் வந்துச்சே. வந்துச்சே! நான்தானே மூடினேன். நன்றின்னு வேற எழுதி.

மணிமாறன் உரிம வாசகத்தை அனுப்பியிருக்கான். ‘எந்த உத்தரவாதமும் இன்றி, உள்ளது உள்ளபடியே வழங்கப்படுகிறது.’ சட்டப்படி நம்ம மேல ஒண்ணும் வராதாம். அதத் தமிழ்ல எழுதினதும் நான்தான்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கதிர்வேல் அண்ணன் சேலத்தில் எங்கள் ஏரியா ஃபேர்லேண்ட்ஸுக்கு வந்திருந்தார், ஒரு கடையில் பெட்டிக்கு உதிரி வாங்க. வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். காபியைத் தொடவில்லை.

பயனர்58213 அவர்தான். கணக்குத் தொடங்க ஒன்பது நாள் ஆனதாம். இரண்டு தடவை ஓடிபி காலாவதி. மூன்றாம் தடவை செல்போன் கடையில் உட்கார்ந்து முடித்திருக்கிறார். ஒரு சொல்லை மாற்றுவதற்காக.

அப்புறம் ஏன் என்னிடம் நேரில் அடித்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. யாரைக் குற்றம் சொல்லப் பார்க்கிறேன் நான்?

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பொதுத்தமிழ்ல அப்பிடித்தான் எழுதோணும்னு போட்டிருந்தீங்க. ஊடுங்கறதப் படிச்சவங்க ஊடைன்னு எழுதுவாங்களாட்டம், நமக்குத்தான் தெரியலன்னு நெனச்சுட்டனுங்க.”

நெசவு ஊர்க்காரர். ஊடை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் நான் எழுதிவிட்டதால், தனக்குத் தெரிந்ததைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

அதோடு விடவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பழைய பட்டறை முப்பத்தெட்டுக்கும் போயிருக்கிறார். எல்லாத் தாளிலும் பேனாவால் ஊடையை அடித்து ஊடு என்று எழுதியிருக்கிறார், நம்ம ஜனத்துக்குப் புரியட்டும் என்று. கூட்டத்துக்குப் பிறகு புதுப் பட்டறை ஆறுக்கும் போனாராம். அட்டையிலும் எழுதினாராம்.

அப்படியென்றால் பாவாயியின் அட்டையில் எப்படி? அவருக்கும் தெரியவில்லை. நன்றாக அழுத்தித்தான் எழுதினேன் என்று இரண்டு முறை சொன்னார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

தளத்தில் பக்கத்தை மாற்ற எனக்கு நான்கு நிமிஷம் ஆனது. ஆனால் உதவிப் பக்கங்கள் மென்பொருளோடு சேர்ந்தே பெட்டிக்குள் இறங்கும். கிட்டைத் தேர்ந்தெடுத்ததில் அதுவும் ஒரு வசதி என்று பேசினோம். எத்தனை பெட்டி, எங்கெங்கே என்று யாருக்கும் தெரியாது. கட்டற்ற மென்பொருள், இறக்கிக்கொண்டவரின் பெயரைக் கேட்பதில்லை. அதிலும் நமக்குப் பெருமைதான். முன்னூறு தடவை இறக்கியிருக்கிறார்கள். பட்டறைகளில் இணையம் கிடையாது. குமாரபாளையத்தில் எங்கோ, ஆந்திராவில் எங்கோ ஒரு பெட்டிக்குள் என் பதினேழாம் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வாட்ஸப் குழுவைத் திறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

இரண்டாவது விரலும் தேறவில்லை.

6 செப்டம்பர், சனி

பாவாயியின் பட்டறைக்குப் போனேன். கதிர்வேல் அண்ணனும் வந்தார். அட்டை தறிக்குப் பக்கத்துத் தூணில் அப்படியே தொங்கியது. பளிச்சென்று இருந்தது. ஊடை என்ற சொல் சுத்தமாக, என் எழுத்துருவில்.

பக்கத்துத் தறி ஓட்டும் பழனியம்மாளிடம் விசாரித்தோம். பாவாயி தினமும் காலையில் வந்ததும் அந்த அட்டையை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தறியைத் தொடுவாராம். பஞ்சுத் தூசு படியக் கூடாது என்று. ஒரு நாள் அதில் யாரோ கிறுக்கிவைத்திருந்தார்களாம். எச்சில் தொட்டு நன்றாகத் துடைத்தாராம்.

லேமினேஷனில் பேனா ஒட்டாது.

கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். மை இல்லை. ஆனால் பேனா முனை அழுத்திய பள்ளம் இருந்தது. ஊடை மேல் ஒரு கோடு, அதற்கு மேலே ஊடு. அழுத்தித்தான் எழுதியிருந்தார்.

கதிர்வேல் அண்ணனிடம் காட்டினேன். விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பழனியம்மாள் இன்னொன்றும் சொன்னார். பாவாயி வீட்டில்தான் இருக்கிறாராம். முன்பெல்லாம் தெருவில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். இப்போது கொண்டுபோனால், நான் தப்பாகப் படித்துவிடுவேன், வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறாராம்.

ஒரு மாதமாக அவரிடம் நான் சொல்லாமல் இருக்கிறேன். விரலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு முடியும். இதையாவது செய்யாமல் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறேன்? அவர் திட்டுவார் என்றா? திட்டினால்கூடத் தேவலை.

21 செப்டம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். என் காதில் விழுந்தது, நான் எழுதியது, திருத்தம் வந்தது, நான் மறுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. அது ரொம்பச் சின்னதாக இருந்தது. பாவாயி குறுக்கே பேசாமல் கேட்டார். அட்டையை இடது கையில் வாங்கிப் பதினேழாம் பக்கத்தை மெதுவாகப் படித்தார், வாய்விட்டு. ஊடை வந்த இடத்தில் நின்றார்.

“அப்ப நான் சரியாத்தானுங்க படிச்சிருக்கறேன்.”

ஆமாங்க.

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. அழுதது நான்தான். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அதுவும் இடது கையால். என் மேல் கோபமா, இல்லையா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

1 அக்டோபர், புதன்

கூட்டத்தில் மறுபடி அதே கேள்வி. கிட்டிலேயே தொடரலாமா, விக்கிக்கு மாறலாமா? ஒப்பீட்டு அட்டவணை போட்டு அனுப்பியிருந்தார்கள். மணிமாறன் என் கருத்தைக் கேட்டான். எந்தத் தளமாக இருந்தாலும் அன்றைக்கு வாசலில் நின்றிருப்பது நான்தானே என்றேன். முடிவு அடுத்த புதனுக்குத் தள்ளிப்போனது.

12 அக்டோபர், ஞாயிறு

புதிய பதினேழாம் பக்கத்தைச் சாதாரணத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனேன். ஓரத்தில் நான்கு விரல் அகலம் காலியாக விட்டிருக்கிறேன். ஒவ்வொரு தாளோடும் ஒரு பேனா, நூலில் கட்டி. விசையின் பெயர் வரும் இடத்தில் ஒரு சின்ன வீட்டுப் படம் மட்டும்; பக்கத்தில் வெற்றிடம். அவரவர் என்ன சொல்வார்களோ அதை எழுதிக்கொள்ளட்டும்.

பாவாயி பட்டறைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். தறியில் இல்லை, நாடாவுக்கான தாரில் நூல் சுற்றுகிறார். தூணில் தாளை மாட்டியதும் எழுந்து வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முழுவதையும் படித்தார். வெற்றிடம் வந்ததும் பேனாவை எடுத்தார். வலது கைக்குப் போனது பேனா; அப்புறம் இடது கைக்கு மாறியது. ரொம்ப நேரம் எடுத்து எழுதினார். ‘ஊ’வின் மேலே இருக்க வேண்டிய ‘ள’ தனியாக விலகி, ‘உளடு’ என்று படிக்கிற மாதிரி விழுந்தது.

“சரியா இருக்குதுங்களா?” என்று என்னைக் கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். நான் திருத்தவில்லை.